பாளிக்குப் பொருள் தந்தோர்

சில வாரங்களுக்கு முன் ஒரு ஞாயிறு மாலை, வெள்ளவத்தையில் நமது இல்லத்துக்கு ஒரு தந்தையும் மகனும் வந்திருந்தனர். தந்தை கொட்டாஞ்சேனையிற் பிறந்து வளர்ந்தவர். இப்பொழுது காலி வீதியில் சிறிய கடையொன்று நடத்துகிறார். மகன் நம்மிடம் படித்தவன். உயர்தரப் பரீட்சையில் நல்ல பெறுபேறு பெற்றிருந்தான். அதைச் சொல்லி மகிழ வந்திருக்கிறார்கள் என்றெண்ணித் தேநீர் வைக்கச் சொன்னோம். ஆனால், தந்தையின் முகத்தில் மகிழ்ச்சியைக் காணவில்லை.

"மாஸ்டர், நீங்கள்தான் இவனுக்குப் புத்தி சொல்லவேணும். சட்டம் படி என்றேன், கணக்கியல் படி என்றேன். இவன் பாளி படிக்கப் போறானாம்."

பையன் தலை குனிந்திருந்தான். அவன் கையில் மடித்து வைத்த தாளொன்று இருந்தது. பேராதனையிலோ களனியிலோ பாளியும் பௌத்தமும் கற்றுப் பட்டம் பெற்றால், பின்னர் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் ஆராய்ச்சி செய்வதற்கு உதவிப்பணம் வழங்கும் நிறுவனங்கள் சிலவற்றின் பெயர்களை அதில் எழுதி வைத்திருந்தான். அதனைத் தந்தை வாங்கி நம்மிடம் நீட்டினார்.

"இதுகள் ஆர் குடுக்கிற காசு? ஏன் குடுக்கினம்? வாங்கினால் பிறகு என்ன கேட்பினம்?"

கடைக்காரரின் கேள்வி அது. வெறுங்கையுடன் எவரும் முழம் போடுவதில்லை என்பதை முப்பது ஆண்டுக் கொடுக்கல் வாங்கலிற் கண்டவர் அப்படித்தான் கேட்பார். கல்வியாளர் பலர் இக்கேள்வியைக் கேட்பதில்லை என்பதும் நமக்கு அப்பொழுது தோன்றிற்று. ஆதலால் அன்று அவரிடம் சொன்னதையும், அவர் சென்றபின் நாம் எண்ணிப் பார்த்ததையும் இவ்வாரம் வாசகர்களுடன் பகிர்ந்துகொள்கிறோம்.

தாளில் முதலாவதாக இருந்தது யப்பானிய நிறுவனமொன்று. அதன் கதை பெளதிகம் படித்த பிள்ளைகளுக்குச் சுவையாக இருக்கும். யெஹான் நுமாத்தா என்பவர் 1897இல் ஹிரோஷிமாப் பகுதியில் ஒரு பௌத்தக் கோயிற் குடும்பத்திற் பிறந்தார். இளமையில் அமெரிக்காவுக்குச் சென்று கலிபோர்னியாவின் பேர்க்லிப் பல்கலைக்கழகத்திற் பயின்றார். புத்தரின் போதனையை மேனாட்டாருக்கு எடுத்துரைக்க 1925இல் ஒரு சஞ்சிகை தொடங்கினார். பணமின்மையால் அது நின்றுபோயிற்று. சஞ்சிகை நடத்தி நட்டப்பட்டவர்கள் நம்மிலும் உளர்; அவர்கள் பெரும்பாலும் அடுத்த சஞ்சிகையைத் தொடங்கி மீண்டும் நட்டப்படுவார்கள். நுமாத்தா அப்படிச் செய்யவில்லை. முதலிற் பொருள் தேடுவோம் என்று நாடு திரும்பி, 1934இல் மிற்றுற்றோயோ என்னும் நிறுவனத்தைத் தொடங்கி, நுண்மானித் திருகுக்கணிச்சி செய்ய முற்பட்டார். கம்பியின் விட்டத்தை அளக்கப் பாடசாலை ஆய்வுகூடத்தில் நாம் திருகிப் பார்த்த அதே கருவிதான். அந்த வருவாயிலிருந்து 1965இல் பௌத்தப் பரப்புரைச் சங்கமொன்றை அமைத்தார். பேர்க்லி, ஹாவர்ட், சிக்காகோ, டொரொன்டோ முதலிய பல்கலைக்கழகங்களில் அவர் பெயரால் பௌத்தப் பேராசிரியர் பதவிகள் எழுந்தன. சீன மொழியிலுள்ள திரிபிடகத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கும் பெரும்பணியும் அவர் கொடையாலேயே தொடங்கிற்று. மில்லிமீற்றரில் நூறிலொரு கூறு அளக்கும் கருவியிலிருந்து, அளவிறந்த ஒரு சாத்திரக் கடலுக்குப் பொருள் வந்தது.

இரண்டாவது, ஹொங்கொங் நகரத்து றொபேட் ஹோ குடும்ப அறநிலையம். ஹொங்கொங் வணிகப் பெருமகனாகப் புகழ்பெற்ற சேர் றொபேட் ஹோடுங்கின் பேரன் 2005இல் நிறுவியது. ஸ்டான்போர்டிலும் டொரொன்டோவிலும் பௌத்த ஆய்வு நிலையங்கள் இவர்கள் பெயரைத் தாங்கி நிற்கின்றன. ஆராய்ச்சி மாணவர்க்கு உதவிப்பணமும் வழங்குகின்றார்கள்.

இவ்விடத்தில், உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்த நமது அன்னையார் ஒரு சொல் சொன்னார். சில ஆண்டுகளுக்கு முன் ஹாவர்டில் தமிழுக்கு ஓர் இருக்கை அமைக்க உலகத் தமிழர் பணம் சேர்த்தபொழுது, ஆறு மில்லியன் டொலர் தேவை என்று பத்திரிகையிற் படித்து அவரிடம் சொல்லியிருந்தோம். "ஒரு கதிரைக்கு ஆறு மில்லியனோ? அதில் ஆர் இருக்கப் போகினம்?" என்று அவர் அன்று கேட்டதை இன்றும் மறக்கவில்லை. அதையே மீண்டும் கேட்டார். எல்லோரும் சிரித்தோம். ஆயினும் இது விளக்கப்படவேண்டிய விடயமே.

பல்கலைக்கழக இருக்கை என்பது சம்பளப் பணமன்று, முதல். முதலைத் தொடுவதில்லை. முதலீட்டிலிருந்து ஆண்டுதோறும் நூற்றுக்கு நாலு அல்லது ஐந்து வீதத்தை மட்டும் எடுத்துப் பேராசிரியருக்கு ஊதியமும், மாணவருக்கு உதவியும், நூல் வாங்கப் பணமும் கொடுப்பர். ஆறு மில்லியனுக்கு ஐந்து வீதமாயின் ஆண்டுக்கு மூன்று இலட்சம் டொலர். கொடுத்தவர் மறைவார், பேராசிரியர் ஓய்வுபெறுவார், இருக்கை நிற்கும். இது மேனாட்டார் நமக்குக் கற்பித்த தந்திரமன்று. சோழர் காலத்துக் கோயிலில் ஒரு நந்தாவிளக்கு எரிய வேண்டுமாயின் தொண்ணூற்றாறு ஆடுகளை விட்டார்கள். ஆடு பெருகும், நெய் வரும், இறந்ததற்கு ஈடாகக் குட்டி வளரும், எண்ணிக்கை குறைவதில்லை. அவற்றைச் சாவா மூவாப் பேராடு என்று கல்லில் வெட்டினார்கள். ஹாவர்டின் நிதியாளர்கள் காப்பதும் சாவா மூவாப் பேராடுதான் என்று அன்னையாருக்குச் சொன்னோம். அவருக்கு உடனே விளங்கிற்று.

இனிக் கொழும்புக்கு வருவோம். பௌத்தக் கல்விக்குப் பொருள் தந்த கதை வெளிநாட்டிற் பிறந்ததன்று. அதன் ஒரு வேர் நம் வீட்டுக்குப் பக்கத்திலேயே உள்ளது. மருதானைக்கு அணித்தாக மாளிகாகந்தையில் 1873இல் வித்தியோதய பிரிவேனாவைத் தொடங்கியவர் ஹிக்கடுவை சுமங்கல தேரர். அதற்கு நிலமும் பொருளும் தேடியவர்கள் கொழும்பு நகரத்துச் சிங்கள வணிகர்கள். அரசாங்கம் கொடுக்கவில்லை. அந்தப் பிரிவேனாவே 1959இல் பல்கலைக்கழகமாயிற்று. இன்று ஸ்ரீ ஜயவர்த்தனபுர என்று வழங்குகிறது. 1881இல் லண்டனில் றைஸ் டேவிட்ஸ் பாளி நூற் சங்கத்தை நிறுவியபொழுது, முற்பணம் கட்டிய முதற் சந்தாதாரருள் இலங்கைப் பிக்குகள் பலர் இருந்தனர். பிச்சையேற்று உண்பவர்கள் தம் நூல்கள் லண்டனில் அச்சாக வேண்டுமென்று பணம் அனுப்பினார்கள். சயாம் மன்னரும் அனுப்பினார். அவரே பின்னர் திரிபிடகத்தை 39 தொகுதிகளாக அச்சிட்டு உலகின் பல்கலைக்கழகங்களுக்கு இலவசமாக வழங்கினார்.

புறக்கோட்டையில் தளபாட வாணிகம் செய்த ஹேவாவிதாரணை குடும்பத்தை எல்லோரும் அநகாரிக தர்மபாலரால் அறிவர். அவர் சகோதரர் சைமன் என்பவர், பாளி உரைநூல்களை அச்சிடுவதற்கென்று தமது மரணசாதனத்திற் பொருள் ஒதுக்கிச் சென்றார். 1917 முதல் அந்த உரைநூல்கள் வரிசையாக வெளிவந்தன. உலகின் எந்தப் பெரிய பாளி நூல்நிலையத்திலும் அவற்றைக் காணலாம். கதிரையும் மேசையும் விற்ற பணம்!

தர்மபாலருக்குத் துணைநின்ற மேரி பொஸ்டர் அம்மையார் கதை வேறு. ஹவாய்த் தீவின் பழங்குடித் தாய்வழியில் 1844இல் வந்த செல்வப் பெண்மணி. 1893இல் சிக்காகோ சர்வசமய மகாநாட்டிலிருந்து திரும்பும் வழியில் தர்மபாலரின் கப்பல் ஹொனலூலுவில் நின்றது. அம்மையார் கப்பலுக்கு வந்து, தம் கோபத்தை அடக்கும் வழி யாதென்று கேட்டார் என்பர். அந்தச் சிறுபொழுது உரையாடலின் விளைவாக, 1930இல் அவர் மறையும்வரை பொருள் வந்துகொண்டேயிருந்தது. கொழும்பில் ஒரு வைத்தியசாலையும், சாரநாத்தில் விகாரையும், வேறு பல கல்விப் பணிகளும் அதனால் எழுந்தன. அவர் வீட்டுத் தோட்டம் இன்று ஹொனலூலு நகரத்தின் பூங்கா. அதில் அநுராதபுர வழிவந்த அரசமரம் ஒன்று நிற்கிறது.

கடைக்காரர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். "எல்லாம் சரி மாஸ்டர். தங்கடை சமயத்துக்குத் தாங்கள் குடுக்கினம். எங்களுக்கு அதில் என்ன?" என்றார்.

தம் சமயத்துக்கே கொடுத்தார்கள் என்பது முழு உண்மையன்று. பொஸ்டன் நகரத்து ஹென்றி கிளார்க் வாரன் சிறுவயதில் விழுந்து முதுகெலும்பு பழுதுற்றவர். வாழ்நாள் முழுதும் வலியுடனே இருந்தவர். ஆசிரியர் லான்மனுடன் சேர்ந்து 1891இல் ஹாவர்ட் கீழைத்தேய நூல்வரிசையைத் தம் பணத்தால் தொடங்கினார். தாமே பாளி கற்று, 1896இல் பௌத்த நூற்பகுதிகளை மொழிபெயர்த்து வெளியிட்டார். 1899இல் நாற்பத்துநான்கு வயதில் இறந்தபொழுது வீட்டையும் ஹாவர்டுக்கே எழுதிவைத்தார். அவர் முடிக்காது விட்ட பணி, புத்தகோசரின் விசுத்திமக்கப் பதிப்பு. அதைத் தொடர ஹாவர்டுக்கு அழைக்கப்பட்டவர் யார்? கோவாவிற் பிராமண குலத்திற் பிறந்து, பாளி கற்கும் வேட்கையால் வறுமையிலும் நடந்து அலைந்து, 1902இல் நமது மாளிகாகந்தையில் சுமங்கல தேரரிடம் துறவுபூண்ட தர்மானந்த கோசாம்பி. அப்பதிப்பு 1950இலேதான் வெளிவந்தது. வாரன் இறந்து அரை நூற்றாண்டு கழித்து. முதலைத் தொடாமல் வைத்ததன் பயன் இது. கொடுத்தவரின் ஆயுளோடு கொடை முடிந்திருந்தால் அந்நூல் அச்சேறியிராது.

கோசாம்பிக்கு வேறொருவரும் உதவினார். பரோடா மன்னர் சாயாஜிராவ் மாதம் 50 ரூபாய் கொடுத்தார். நிபந்தனை உண்டு: மகாராட்டிர நாட்டிலே தங்கி ஆண்டுக்கொரு நூல் எழுதவேண்டும். எதை எழுதவேண்டும் என்பதன்று நிபந்தனை, எழுதவேண்டும் என்பதே. இதை நாம் நல்ல நிபந்தனைகளுக்கு உதாரணமாகக் கொள்ளலாம்.

தீய நிபந்தனைக்கும் உதாரணம் உண்டு. அதன் முடிவு வேடிக்கையானது. கிழக்கிந்தியக் கம்பனியில் தளபதியாயிருந்த போடன் என்பவர், ஒக்ஸ்பேர்டில் சமஸ்கிருதப் பேராசிரியர் பதவிக்குத் தம் சொத்தை விட்டுச் சென்றார். நோக்கம், தம் நாட்டார் சமஸ்கிருதம் கற்று இந்தியரைக் கிறித்தவராக்குதல்! 1832இல் அப்பதவி தொடங்கிற்று. 1860இல் அதற்கு நடந்த தேர்தலில் மக்ஸ் முல்லர் தோற்று மொனியர் வில்லியம்ஸ் வென்றதற்கு இந்நோக்கமும் ஒரு காரணம். காலம் சென்றது, மதமாற்ற நோக்கம் உதிர்ந்தது, மொழி நின்றது. 1976 முதல் 2004 வரை அந்தப் போடன் இருக்கையில் அமர்ந்தவர் றிச்சர்ட் கொம்பிரிச். கண்டிப் பகுதிக் கிராமத்தில் தங்கிப் பௌத்தரின் வாழ்வை ஆராய்ந்து நூலெழுதியவர். பாளி நூற் சங்கத் தலைவராகவும் இருந்தவர். இந்துக்களை மதம் மாற்றக் கொடுத்த பணத்தில் பௌத்தம் வாழ்ந்தது. போடன் துரை இதை அறிந்தால் என்ன சொல்வாரோ! கொடையாளி நினைத்த இடத்திற் கல்வி நிற்பதில்லை. ஆதலால் காசு வாங்கினால் பிறகென்ன கேட்பார்கள் என்ற கடைக்காரரின் அச்சத்துக்கு நாம் சொன்ன விடை இதுவே: கேட்கக்கூடும், பல்கலைக்கழகம் நிமிர்ந்து நின்றால் நிலைக்காது. நிமிர்ந்து நிற்காத பல்கலைக்கழகமும் உண்டு. சேருமுன் அதைப் பையன் விசாரித்தறிய வேண்டும்.

எங்களுக்கு அதில் என்ன என்றாரல்லவா? அதற்கு விடை கூறத் தமிழ்நாட்டுக்கும், ஏறத்தாழ ஆயிரத்தைந்நூறு ஆண்டு பின்னுக்கும் போகவேண்டும். உறையூரிற் பிறந்த புத்ததத்தர் என்னும் தேரர் பாளியிற் பெரும்புலவர். வினயவினிச்சயம் என்ற நூலை எங்கிருந்து எழுதினேன் என்று அவரே நூலிறுதியிற் குறித்துள்ளார்: சோழநாட்டில், காவிரிக் கரையில், பூதமங்கலத்தில், வெண்ஹுதாசர் கட்டிய விகாரையில். வெண்ஹு என்பது விஷ்ணுவின் பாளி வடிவம். நம் பழந்தமிழில் விண்டு. அவரது மற்றொரு நூலாகிய அபிதம்மாவதாரம் காவிரிப்பூம்பட்டினத்தில் கண்ஹதாசர், அதாவது கிருஷ்ணதாசர், கட்டிய விகாரையில் எழுந்தது. அவர்களின் சமயம் யாதென்று பெயரை மட்டும் கொண்டு நாம் தீர்ப்புக் கூறோம். ஆனால், திருமாலின் அடியார் என்று பெற்றோர் பெயரிட்ட பிள்ளைகள் இருவர் காவிரி நாட்டில் இடங் கொடுத்ததனாலே, உலகப் பல்கலைக்கழகங்களில் இன்றும் படிக்கப்படும் இரு பாளி நூல்கள் பிறந்தன. புத்தகோசரும் காஞ்சியில் தாம் தங்கியிருந்ததைத் தம் உரையிற் குறிக்கிறார். சைமன் ஹேவாவிதாரணையின் பணத்தால் அச்சான உரைகளுள் அதுவும் ஒன்று. நாகபட்டினத்தில் ஸ்ரீவிஜய மன்னன் எடுத்த சூடாமணி விகாரைக்கு ஆனைமங்கலம் என்னும் ஊரை விட்டவன் சிவபாதசேகரன் என்று பெயர்கொண்ட இராசராச சோழன். லெய்டன் செப்பேடுகள் அதைக் கூறுகின்றன.

"சைவத் தமிழர் ஒருவரும் பாளி படிக்கேல்லையோ?" என்று தந்தை இப்பொழுது சிறிது ஆர்வத்துடன் கேட்டார். கேட்டவர் கொட்டாஞ்சேனைக்காரர், ஆகையால் விடை கூறுவது எளிதாயிற்று. கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் கோயிலைக் கட்டிய பொன்னம்பல முதலியாரின் மைத்துனர் சேர் முத்துக்குமாரசுவாமி. சட்டசபையிலிருந்த சைவர். சுத்தநிபாதத்தின் பகுதிகளைப் பாளியிலிருந்து ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1874இல் லண்டனில் வெளியிட்டார். தந்ததாதுவின் வரலாறு கூறும் தாட்டாவம்சத்தையும் அதே ஆண்டில் வெளியிட்டார். பாளி நூற் சங்கம் பிறக்க இன்னும் ஏழாண்டு இருந்தது. அவர் மகனே கலாயோகி ஆனந்த குமாரசுவாமி. கோயில் வாசலிற் பலநூறு முறை கற்பூரம் கொளுத்திய கடைக்காரருக்கு இது புதுச்செய்தி. அவர் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை.

பின்பு மெல்லச் சொன்னார்: "மாஸ்டர், 83 ஆடியில் எங்கடை கடை எரிஞ்சது உங்களுக்குத் தெரியும். அப்பாவின்ரை ஏட்டுச் சுவடியும் அதிலேதான் போனது. அதுக்குப் பிறகும் என்ரை பிள்ளை இதைப் படிக்க வேணுமோ?"

இதற்காகவே அவர் வந்திருந்தார் என்பது அப்பொழுதுதான் விளங்கிற்று. பணத்தைப் பற்றிய கேள்விகள் எல்லாம் இதைச் சுற்றிக் கட்டிய வேலி. நாம் விடை கூறவில்லை. கூறும் உரிமை நமக்கில்லை. ஆனால், இக்கேள்வியையே வாழ்நாள் ஆராய்ச்சியாக்கிய தமிழர் ஒருவர் பெயரைச் சொன்னோம். ஸ்ரான்லி ஜெயராஜா தம்பையா 1929இல் இலங்கையிற் பிறந்தவர். 1956இல் மாணவர்களுடன் கல்லோயாவில் ஆய்வு செய்துகொண்டிருந்தபொழுது இனக்கலவரத்தை நேரிற் கண்டார். பின் தாய்லாந்துக்குச் சென்று பௌத்தக் கிராமங்களையும் பௌத்த அரசையும் ஆராய்ந்தார். ஹாவர்டில் மானிடவியற் பேராசிரியராக விளங்கி 2014இல் மறைந்தார். அகிம்சையைப் போதிக்கும் ஒரு சமயத்தைச் சேர்ந்த சமுதாயத்தில் இத்தகைய வன்முறை எங்ஙனம் எழுந்தது என்று நேராகக் கேட்டு 1992இல் ஒரு நூல் எழுதினார். அந்நூலை இலங்கையில் விரும்பாதவர் பலர். புத்தரின் போதனையை நுட்பமாகக் கற்றிராவிடின் அக்கேள்வியை அவர் அவ்வளவு கூர்மையாகக் கேட்டிருக்க முடியாது. கேட்டதற்காக அவர் பதவியும் போகவில்லை.

"அப்ப கேட்கலாமோ?" என்றார் தந்தை.

"கேட்கலாம்," என்றான் பையன். அன்று மாலை அவன் தானாகப் பேசியது அந்த ஒரு சொல்தான்.

நமக்கு ஒரு குறை உண்டு; அதையும் சொல்லிவிடுவோம். ஹாவர்ட் தமிழிருக்கைக்கு 2018இல் ஆறு மில்லியன் டொலரைத் தமிழர் சேர்த்து முடித்தனர். அமெரிக்காவிலுள்ள இரு தமிழ் வைத்தியர்கள் ஆளுக்கு அரை மில்லியன் கொடுத்துத் தொடங்கினார்கள்; தமிழ்நாட்டு அரசு பத்துக் கோடி ரூபாய் கொடுத்தது. டொரொன்டோவின் ஸ்காபரோவிலும் நம்மவர் சேர்த்துக் கொடுத்தனர். இது பெருமைக்குரியது. ஆனால், மணிமேகலையை முழுதும் விளங்கிக்கொள்ளப் பௌத்த தருக்கம் தெரிய வேண்டும். 1898இல் அதைப் பதிப்பித்த சாமிநாதையர், சைவப் பயிற்சி முற்றியவர், அதற்கெனவே பௌத்தம் கற்றார். தமிழுக்குக் கொடுக்கும் நம் செல்வர் பாளிக்கும் கொஞ்சம் கொடுத்தால் அது தமிழுக்கே வந்து சேரும். ஆறு மில்லியன் வேண்டாம். ஒரு மாணவனுக்கு நான்காண்டு உதவிப்பணம், தமிழ்வழியே பாளி கற்பிக்கும் நல்ல இலக்கண நூலொன்று, அவ்வளவே போதும். இலக்கணம் எழுதுவதிலும் இடர் உண்டு. பாளியின் நான்கு ககரத்துக்கும் நம்மிடம் ஓர் எழுத்தே உள்ளது. முன்னோர் கிரந்த எழுத்தை வைத்துச் சமாளித்தனர். இன்று என்ன செய்வதென்பதை அறிந்தோர் கூடி முடிவு செய்யட்டும். கோயிற் கோபுரத்துக்கு வர்ணம் பூசக் கொடுப்பவரை நாம் குறை கூறவில்லை. ஒரு கும்பாபிஷேகத்துக்கும் அடுத்ததற்கும் இடையிலுள்ள பன்னிரண்டு ஆண்டில் ஓர் ஆண்டை மட்டும் விண்டுதாசரை நினைத்துக் கேட்கிறோம்.

தந்தையும் மகனும் போகும்பொழுது இருட்டிவிட்டது. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே கடைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"அந்த முத்துக்குமாரசுவாமியின்ரை புத்தகம் இப்ப எங்கை எடுக்கலாம், மாஸ்டர்?"

பழைய நூல்நிலையங்களிற் பார்க்க வேண்டும் என்றோம். பையனிடம் திரும்பி, "தம்பி, திங்கட்கிழமை கடை சாத்தின பிறகு கூட்டிக்கொண்டு போ," என்று சொல்லிவிட்டு இறங்கி நடந்தார்.